தட்டுல செத்த கேன்சர் செல்லு ஒடம்புல ஏன் சாக மாட்டேங்குது: நீங்க கேட்டதும் என்ற பதிலும்

லேப்ல கண்டுபுடிச்சது மாத்திரையா ஊட்டுக்கு வர்றதுக்கு ஏன் இத்தனை வருசம்னு ஆளாளுக்குக் கேட்டுட்டே இருந்தீங்க, மொத்தமா உக்காந்து எழுதிட்டேன். நான் மருந்து ஆராய்ச்சிப் பக்கம் இருக்கறவன், வைத்தியம் பாக்கற டாக்டர் இல்லீங்க, அதனால எத்தனை மில்லிகிராம்னு யாரும் கேக்க வேண்டாம்.

ஈரோடு, மஞ்சள் வியாபாரி: ஏனுங்க, மஞ்சள்ல இருக்கற குர்குமின் கேன்சர் செல்லைக் கொல்லுதுன்னு ஆராய்ச்சியிலயே வந்திருச்சாமா. அப்பறமும் ஏன் அதைய மருந்தாக்க மாட்டேங்கறாங்க?

கொல்லுதுங்கண்ணா, பொய்யில்ல. ஆனா எங்க கொல்லுதுன்னு பாருங்க, லேப் தட்டுல. தட்டுல இருக்கற செல்லு மேல பினாயில ஊத்துனாலும்தான் செத்துப்போகும். மருந்துன்னா வாயில போட்டது குடல்ல உறிஞ்சி, ஈரலைத் தாண்டி, ரத்தத்துல கலந்து, கட்டி இருக்கற எடத்துக்குப் போய்ச் சேரோணும், சேந்த பொறவு நல்ல செல்லை உட்டுட்டு கெட்டதை மட்டும் அடிக்கோணும். குர்குமின் மொத படியிலயே நின்னுக்குது, நொம்பக் கம்மியாத்தான் உறிஞ்சுது, உறிஞ்சுனதையும் ஈரல் வேகமா மாத்தி வெளிய தள்ளீருது. இன்னொரு வில்லங்கம் என்னன்னா அது கண்ட புரோட்டீன்லயும் ஒட்டிக்கும், தானா ஒளிரும், அதனால லேப் டெஸ்டுல வேலை செய்யாததையே வேலை செய்யறாப்புல காட்டீரும். 2017ல வந்த ஒரு கட்டுரையில 120க்கு மேல ட்ரையல், அதாவது மனுசங்களுக்குக் குடுத்துப் பாக்கற சோதனை, நடந்ததைச் சொல்லி, யாருக்கு மருந்து யாருக்கு மருந்தே இல்லாத வெறும் மாத்திரைன்னு நோயாளிக்கும் தெரியாம டாக்டருக்கும் தெரியாம நடத்துனதுல ஒண்ணு கூட ஜெயிக்கலைன்னு எழுதியிருந்தாங்க. மிளகுல இருக்கற பைப்பரின் சேத்தா உறிஞ்சறது எச்சாகும்னு 1998லயே காட்டியாச்சு, ஆனா அப்புடி சேத்த கேப்சூலைத் தின்னு ஈரல் கெட்டவங்களும் இருக்கறாங்க. கொழம்புக்கும் பாலுக்கும் போடுங்க, வெலையும் நல்லா ஏறட்டும், கேன்சர் வந்தா மட்டும் ஆஸ்பத்திரிக்குப் போங்க.

காங்கேயம்: எலிக்கு, கொரங்குக்கு எல்லாம் கொடுத்துப் பாத்துட்டுத்தானே நமக்குத் தர்றாங்க? அப்பறம் எப்புடி தப்பாகுது?

2006 மார்ச்ல லண்டன்ல டிஜிஎன்1412னு ஒரு மருந்து. கொரங்குக்கு ஒண்ணுமே ஆகல, கொரங்கு தாங்குன அளவுல 500ல ஒரு பங்கைத்தான் ஆறு பேருக்கு ஏத்துனாங்க, கொஞ்ச நேரத்துல ஆறு பேருக்கும் ஒடம்பு கொந்தளிச்சு அத்தனை பேரும் ஐசியூ. உசுரு பொழச்சுட்டாங்க. அந்த மருந்து போய்ப் புடிக்கற கொக்கி நம்ம நோய் எதிர்ப்பு செல்லு சிலதுல இருக்குது, கொரங்கோட அதே செல்லுல இல்ல, அந்தச் சின்ன வித்தியாசந்தான். புது மருந்தை மொத மொதல்ல மனுசனுக்கு ஏத்தறப்ப ஒருத்தருக்குக் குடுத்து, பொறுத்துப் பாத்து, அப்பறந்தான் அடுத்த ஆளுக்குக் குடுக்கோணும்ங்கறது அதுக்கப்பறம் கெட்டியாச்சு.

கோயமுத்தூர், எம்எஸ்சி படிக்கறேன்: அண்ணா, தோத்ததாவே சொல்றீங்க. லேப்ல காரணத்தைக் கண்டுபுடிச்சு நேரா மருந்தா வந்தது ஒண்ணாவது இருக்குதா?

இருக்குது அம்மிணி, இமாட்டினிப். சிஎம்எல்னு ஒரு ரத்தப் புத்துநோய். அந்த நோயாளிங்க செல்லுல ஒரு குரோமோசோம், அதாவது ஜீனெல்லாம் இருக்கற இழை, மட்டும் கட்டையா இருக்குதுன்னு 1960ல ஃபிலடெல்ஃபியாவுல ரெண்டு பேரு பாத்தாங்க. அது அறுந்து போனதில்ல, 9ம் நம்பர் குரோமோசோமும் 22ம் நம்பரும் துண்டை மாத்திக்கிட்டதுன்னு ஜேனட் ரவுலிங்கற விஞ்ஞானி 1973ல காட்டுனாங்க. அந்த ஒட்டுல பொறக்கற புரோட்டீன்தான் செல்லை நிக்காமப் பெருகச் சொல்லுதுன்னு அப்பறமா தெரிஞ்சுது, அதைய அடைக்கற மருந்தை 1998ல பிரையன் ட்ரூக்கர்ங்கற டாக்டரோட ஆளுங்க மனுசங்களுக்குக் குடுத்தாங்க. போதுமான அளவு வாங்குன 54 பேர்ல 53 பேருக்கு ரத்த அளவு சீராச்சு, 2001ல அமெரிக்காவுல அனுமதி. மருந்து ஒடம்புக்கு ஒத்துக்குதான்னு பாக்கறதுக்குன்னே நடத்தற மொதக் கட்ட ட்ரையல்ல இப்புடி ஒரு நம்பர் வர்றதெல்லாம் அதிசயம். ஆனா வருசத்தைக் கூட்டிப் பாரு, 41 வருசம், அதுவும் நோய்க்குக் காரணம் ஒண்ணே ஒண்ணா இருந்ததால. பெரும்பாலான கேன்சர்ல ஒண்ணை அடைச்சா இன்னொண்ணு தொறந்துக்கும். நம்மூர்ல அது மாசம் லட்சத்துக்கு மேல வித்துது, அதோட புது வடிவத்துக்கு பேட்டன்ட், அதாவது ஒரே கம்பெனி மட்டும் விக்கற உரிமை, தர முடியாதுன்னு சுப்ரீம் கோர்ட் 2013 ஏப்ரல்ல சொன்னதாலதான் வெலை கம்மியான மாத்திரை நிலைச்சுது.

மேட்டுப்பாளையம், நர்ஸ்: மலையில எங்க சனங்களுக்கு சிக்கிள் செல் இருக்குதுங்க. ஜீனையே திருத்தற மருந்து வந்திருச்சாமே?

வந்திருச்சுங்க சிஸ்டர், 2023 கடைசியில, மொதல்ல பிரிட்டன்ல, அப்பறம் அமெரிக்காவுல. தெரியாதவங்களுக்கு: சிக்கிள் செல்லுன்னா ரத்தச் செவப்பு செல்லு அரிவாளாட்ட வளைஞ்சு போற பரம்பரை நோய். அந்தச் செல்லுக்குள்ள ஆக்சிஜனைச் சொமக்கற ஹீமோகுளோபின்லதான் கோளாறுன்னு 1949லயே லைனஸ் பாலிங்ங்கற விஞ்ஞானி சொல்லிட்டாரு, இந்தியாவுல அது இருக்குதுன்னு மொதல்ல எழுதுனதே நீலகிரி பழங்குடி மக்களைப் பாத்துத்தான், 1952ல. காரணம் தெரிஞ்சு எழுபது வருசத்துக்கு மேல ஆச்சு பாருங்க, வயித்துப் புள்ளைக்கு இருக்கற ஹீமோகுளோபினை நிறுத்தற சுவிட்சு எதுன்னு 2008ல தெரிஞ்ச பொறவுதான் வழி தொறந்துது, இப்ப அந்தச் சுவிட்சைத்தான் வெட்டறாங்க, வெட்டுனா கோளாறில்லாத அந்த ஹீமோகுளோபின் மறுபடி ஊறும். அமெரிக்காவுல வெலை 22 லட்சம் டாலர், அதுக்கு முன்னாடி கீமோ வேற. அதையக் காத்துட்டு உக்கார வேண்டாங்க, ஹைட்ராக்ஸியூரியா சல்லிசான மாத்திரை, வலி வர்றதை நல்லாவே கொறைக்கும், ரத்த டெஸ்டு பாத்துப் பாத்து டாக்டர் குடுக்கோணும், அவ்வளவுதான். மலையில அது விடாமக் கெடைக்குதான்னு மொதல்ல பாக்கோணும்ங்கறது என்ற கருத்து.

பல்லடம்: கம்பெனிக்காரங்க கேன்சர் மருந்தை ஒளிச்சு வெச்சிருக்காங்களாமா?

வித்தா கோடி கோடியா வர்றதை எவனுங்க ஒளிச்சு வெப்பான்? தோத்த ட்ரையல் முடிவை வெளிய சொல்லாம மூடி வெப்பாங்க, அது நெசம், திட்டறதுன்னா அதுக்குத் திட்டுங்க.

திருப்பூர்: எங்கப்பாவ ட்ரையல்ல சேரச் சொல்லிக் கையெழுத்து கேக்கறாங்க. பயமா இருக்குதுங்க.

பயந்து ஓடவும் வேண்டாம், அவசரமா போட்டுத் தரவும் வேண்டாம். எத்தனாவது கட்டம், இப்ப இருக்கற வைத்தியத்தை நிறுத்தச் சொல்றாங்களா, வெறும் மாத்திரை விழற வாய்ப்பு இருக்குதா, இந்த மூணையும் கேளுங்க. தகவல் தாள் தமிழ்ல வேணும்னு சொல்லுங்க, அப்பாவுக்குப் படிக்க வராதுன்னா ட்ரையலுக்குச் சம்பந்தமில்லாத சாட்சி ஒருத்தர் கூட இருக்கோணும். 2019 விதிப்படி ட்ரையலால ஒடம்பு கெட்டா இலவச வைத்தியமும் நட்டஈடும் உண்டு, எப்ப வேணும்னாலும் வெலகிக்கலாம், வெலகுனதுக்காக ஆஸ்பத்திரிக்காரங்க வழக்கமான வைத்தியத்தை நிறுத்தக் கூடாது. 2009ல இருந்து மருந்து ட்ரையல் எல்லாம் சிடிஆர்ஐங்கற இந்திய ட்ரையல் பதிவேட்டுல பதியோணும், அந்த நம்பரை வாங்கி நீங்களே வெப்சைட்ல போட்டுப் பாருங்க. நம்பர் தர மாட்டேன்னா எந்திரிச்சு வந்துருங்க.