சின்ன விமானத்தில் ஜிபிஎஸ் விட்டு விட்டுப் போகிறது, ஆன்டெனாவை மாற்றிவிடலாமா?

அவசரப்பட்டு மாற்றாதீர்கள். நான்கு பேர் அமரும் விமானம், அரை நிமிடம் சிக்னல் போய்த் தானாகவே திரும்புகிறது என்கிறீர்கள். அந்த நேரத்தில் ரேடியோவில் பேசிக்கொண்டிருந்தீர்களா? முதலில் அதைக் கவனியுங்கள்.

ஜிபிஎஸ் அலைவரிசை 1575.42 மெகாஹெர்ட்ஸ். சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்திலிருந்து வந்து சேரும்போது அதில் தெம்பே இருக்காது. எங்கள் காரைக்குடி வீட்டில் முற்றத்தில் நின்றால் கைபேசி இடத்தைச் சரியாகக் காட்டும். இரண்டாங்கட்டு அறைக்குள் நுழைந்ததும் தடுமாறும். அவ்வளவு மெலிந்த சிக்னல். ரேடியோவோ, பேசும் அலைவரிசையின் மடங்குகளிலும் கொஞ்சம் கசியும். விமான ரேடியோவில் 121.175 மெகாஹெர்ட்ஸில் பேசினால், அதன் 13 மடங்கு 1575.275. 131.275-இன் 12 மடங்கு 1575.3. இரண்டும் ஜிபிஎஸ்ஸின் வாசலிலேயே வந்து நிற்கின்றன.

சோதிப்பது எளிது. விமானத்தைத் திறந்த வெளியில் நிறுத்துங்கள். கட்டுப்பாட்டுக் கோபுரத்திடம் சொல்லிவிட்டு, அந்த அலைவரிசையில் வேறு யாரும் பேசவில்லை என்று உறுதி செய்துகொண்டு, அரை நிமிடம் பேசும் பட்டனை அழுத்திப் பிடியுங்கள். ஜிபிஎஸ் திரையில் செயற்கைக்கோள் சிக்னலின் பலத்தைக் காட்டும் பட்டைகள் சரிகின்றனவா? சரிந்தால் ரேடியோ பக்கம்தான் கோளாறு. விபத்து நேர்ந்தால் சிக்னல் அனுப்பும் அவசரகால டிரான்ஸ்மிட்டரின் ஆன்டெனாகூட ரேடியோ அலையை வாங்கி இப்படித் திருப்பி உமிழும். அதைக் கழற்றிச் சோதிப்பது உரிமம் பெற்ற பொறியாளர் வேலை.

பேசாதபோதும் போகிறதா? அப்போ மலிவான யுஎஸ்பி சார்ஜரைப் பிடுங்கிவிட்டுப் பாருங்கள். அப்புறம் ஆன்டெனாவின் அடியில் உள்ள கனெக்டர். நான் பார்த்த ஒரு விமானத்தில் ரப்பர் கேஸ்கெட் வெடித்து, மழைநீர் இறங்கி, நடு ஊசியில் பச்சை பூத்திருந்தது. ஆன்டெனா நன்றாகவே இருந்தது.