அந்தப் படத்தைத் தொடாதீர்கள்

அன்புள்ள ஐயா,

வணக்கம். செவ்வாய்ப்பேட்டையில் ஒரு வெள்ளிக் கொலுசுக் கடையில் கணக்கு எழுதுகிறேன். புது மாடல் வந்தால் செல்போனில் படமெடுத்து, வெளியூர் வியாபாரிகளுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவதும் என் வேலைதான். படங்களை இன்னும் நன்றாகச் செய்யலாமே என்று முதலாளி சொன்னார். கிராபிக்ஸ் படிக்கலாம் என்று ஒரு பயிற்சி மையத்தில் விசாரித்தேன். ஃபோட்டோஷாப், கோரல்டிரா இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் பயன் என்கிறார்கள். கட்டணம் என்னுடைய இரண்டு மாதச் சம்பளம். ஜிம்ப், இங்க்ஸ்கேப் என்று இலவசமாகக் கிடைப்பவை போதாதா? இலவசம் என்றால் தரம் குறைவா? ஜேபெக், பிஎன்ஜி, டிஃப், எஸ்விஜி என்று இத்தனை வகைக் கோப்புகள் எதற்கு? இப்போது எல்லாவற்றையும் ஏஐ செய்துவிடுகிறதே, இனி இதையெல்லாம் கற்க வேண்டுமா?

இன்னொன்று. பழகுவதற்காக என் பாட்டியின் பழைய படத்தைச் செல்போனில் எடுத்து, ஒரு மாதமாகத் தினமும் கொஞ்சம் திருத்தி அதே பெயரில் சேமித்து வருகிறேன். வர வர மங்குவது போலத் தெரிகிறது. என் கண்ணில்தான் கோளாறா?

ஒரு வாசகி, சேலம்

*

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கண்ணில் ஒரு கோளாறும் இல்லை. படம் மங்கத்தான் செய்கிறது. மங்க வைப்பது நீங்கள். அந்தக் கோப்பு இப்போது திறந்திருந்தால் மூடிவிடுங்கள். சேமிக்கவா என்று கேட்கும்; வேண்டாம் என்று சொல்லுங்கள். அதன் பிறகு இதைப் படிக்கலாம்.

ஊரில் உள்ள மென்பொருள்களையெல்லாம் வரிசையாகக் கேட்டுவிட்டு, கடைசியில் 'இன்னொன்று' என்று ஓரமாக வைத்தீர்களே, அதற்காகத்தான் பதில் எழுதுகிறேன். ஒரு வாரமாக என் மேசைமேல் அப்பாவின் டிரங்குப் பெட்டியிலிருந்து எடுத்த தாள்கள் விரிந்து கிடக்கின்றன. அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது.

அப்பா அம்மாபேட்டையில் பட்டுத் தறிகளுக்கு டிசைன் எழுதிக் கொடுத்தவர். ஜக்கார்டு பெட்டி ஏற்றிய தறியில் பூவோ மயிலோ வர வேண்டுமென்றால் முதலில் அதைக் கிராப் தாளில் எழுத வேண்டும். நெடுக்கே ஓடும் ஒவ்வொரு வரிசையும் ஒரு பாவு இழைக்கு. குறுக்கே ஓடும் ஒவ்வொரு வரிசையும் ஓர் ஊடைக்கு. இழை தூக்க வேண்டிய கட்டத்தில் சிவப்பு மை, மற்றவை வெற்றுக் கட்டம். ஒரு குறுக்கு வரிசைக்கு ஓர் அட்டை. மையிட்ட கட்டத்துக்கு அட்டையில் ஒரு துளை. அட்டைகளைச் சரமாகக் கோத்துத் தறியின் தலையில் ஏற்றிவிட்டால் நெய்பவர் மிதிக்க மிதிக்கச் சேலையின் கரையில் மாங்காய் எழுந்து வரும். பிரான்ஸ் நாட்டில் ஜக்கார்டு என்பவர் இதைச் செய்து காட்டி இருநூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது. செல்போன் படமும் இப்படிக் கட்டங்களால் ஆனதுதான்; பிக்சல் என்று நீங்கள் படிக்கப் போகிறீர்களே, அந்தக் கட்டங்களின் பக்கத்தில் பாயைப் போட்டுத்தான் நான் தூங்கி எழுந்தேன்.

மாங்காயின் வளைவைக் கட்டத்தில் எழுதுவது லேசான வேலை இல்லை. எந்தக் கட்டத்தை நிரப்புவது, எதை விடுவது என்று அப்பா வெகுநேரம் யோசிப்பார். தாளைச் சுவரில் சாத்திவிட்டு, வாசற்படி வரை பின்னால் நடந்து போய், கண்ணைச் சுருக்கிப் பார்ப்பார். வளைவில் படிக்கட்டு தெரிந்தால் திரும்பி வந்து பிளேடு முனையால் ஒரே ஒரு கட்டத்தைச் சுரண்டுவார். மறுபடியும் வாசற்படி. "அன்னத்தின் அலகில் ஒரு கட்டம் கூடினால் காக்கை ஆகிவிடும்" என்பார்.

அட்டை தேயும், எலி கடிக்கும். சேலை விற்றுப் போகும். தாள் கையில் இருந்தால் எத்தனை முறை வேண்டுமானாலும் புது அட்டை அடிக்கலாம். அதனால் தாளை மட்டும் அப்பா யாருக்கும் கொடுக்க மாட்டார். ஒருமுறை ஒருவர், தாள் இல்லாமல், விற்ற சேலையிலிருந்தே இழை எண்ணி டிசைனை எழுதிக்கொண்டார். அந்தச் சேலையைப் பார்த்து இன்னொருவர் எழுதினார். மூன்றாவது சேலை எங்கள் வீட்டுக்கு வந்தபோது மாங்காயின் நுனி போய், வெறும் உருண்டை மிச்சமிருந்தது. அப்பா அதை மடியில் விரித்து வைத்துக்கொண்டு அன்று மாலை முழுவதும் பேசவில்லை.

நீங்கள் பாட்டியின் படத்தில் செய்வது அதுதான் அம்மா. சேலையிலிருந்து சேலை எழுதுகிறீர்கள்.

செல்போனில் எடுத்த படம் பெரும்பாலும் ஜேபெக் கோப்பாகத்தான் இருக்கும். ஜேபெக் 1992இல் தரமாக வகுக்கப்பட்ட முறை. கண் எதைக் கவனிக்காதோ அதை எறிந்துவிட்டு இடத்தை மிச்சம் பிடிப்பதே அதன் தொழில். நம் கண்ணுக்கு வெளிச்ச வேறுபாடு துல்லியமாகத் தெரியும், நிற வேறுபாடு அந்த அளவுக்குத் தெரியாது. எனவே பெரும்பாலும் நிறத்தை மட்டும் நான்கு கட்டத்துக்கு ஒன்றாகக் குறைத்துக்கொள்ளும். பிறகு படத்தை நெடுக்கே எட்டு, குறுக்கே எட்டு என 64 கட்டப் பெட்டிகளாக வெட்டும். ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் மெல்ல மாறும் சாயலைப் பத்திரப்படுத்திக்கொண்டு, பொடிப் பொடியான மாற்றங்களைத் தோராயமாக்கிவிடும். மிகப் பொடியானவை பூஜ்யமாகிவிடும். பூஜ்யமானவை திரும்ப வருவதே இல்லை.

இதை நான் குறையாகச் சொல்லவில்லை. 4000க்கு 3000 கட்டம் உள்ள செல்போன் படத்தில் 1 கோடியே 20 லட்சம் கட்டங்கள். கட்டத்துக்கு மூன்று பைட் என்றால் 36 எம்பி. அதை மூன்று நான்கு எம்பியாகச் சுருக்கியும் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாமல் வைத்திருக்கிறதே, அது பெரிய அறிவு. கொலுசுப் படத்தை வியாபாரிக்கு அனுப்பும்போது தாராளமாக ஜேபெக்கில் அனுப்புங்கள். அனுப்புவதற்கு உரிய கோப்பை வைத்துக்கொண்டு திருத்துவதுதான் தவறு. திறந்து பார்ப்பதால் ஜேபெக் தேயாது. நகலெடுத்தாலும் தேயாது. திருத்தி மறுபடி சேமிக்கும்போது, மிச்சம் இருப்பதிலிருந்து அது மீண்டும் கழிக்கத் தொடங்குகிறது. நேற்று நெற்றிச் சுருக்கத்தைத் தோராயமாக்கியது. இன்று அந்தத் தோராயத்தைத் தோராயமாக்குகிறது. முப்பது நாள்! பாட்டியின் முகத்தை முப்பது முறை சலித்திருக்கிறீர்கள்.

கோபமாக எழுதுகிறேன் என்று தெரிகிறது. என் அம்மாவின் படத்தைப் பற்றிச் சொன்னால் உங்களுக்குப் புரியும்.

அம்மா சேலத்திலேயே பிறந்து, தினமும் மாடியில் வடகம் காயவைக்கும்போது ஏற்காட்டு மலையைப் பார்த்தவள். ஏற்காட்டுக்கு ஏறியது ஒரே ஒரு முறை. இருபது கொண்டை ஊசி வளைவிலும் முந்தானையை வாயில் பொத்திக்கொண்டே வந்தாள். லேடீஸ் சீட் என்ற காட்சிமுனையில் இறங்கி நின்று, கீழே பரந்து கிடந்த ஊரில் எங்கள் தெரு எங்கே என்று தேடினாள். அப்பாவின் நண்பர் ஒருவர் அப்போது எடுத்த கறுப்பு வெள்ளைப் படம், அஞ்சலட்டையைவிடச் சற்றுச் சிறியது. கம்பியைப் பிடித்தபடி பாதி திரும்பிப் பார்க்கிறாள். மலைக் காற்றில் முடி பறந்து நெற்றியில் விழுந்திருக்கிறது. இடது மூக்கில் வெள்ளைக்கல் மூக்குத்தி.

2003இல் அம்மாவின் முதல் வருஷத் திதிக்குப் பெரிதாக்கி மாட்டலாம் என்று ஒரு கடையில் கொடுத்தேன். ஸ்கேன் செய்து, மாதிரிக்கு என்று ஒரு சின்னக் கோப்பை மின்னஞ்சலில் அனுப்பினார்கள். 240க்கு 320. பெரிய கோப்பு அவர்களுடைய கணினியோடு போனது. மூலப்படம் வேறு யாருடைய உறையிலோ போய்விட்டது என்றார்கள். மூன்று மாதம் நடந்தேன், கிடைக்கவில்லை. அது வரும்வரை மாதிரிக் கோப்பையே கொஞ்சம் வெளிச்சமாக்கிச் சேமித்தேன். பிறகு கொஞ்சம் வெட்டிச் சேமித்தேன். பிறகு தெளிவாக்கிச் சேமித்தேன். எல்லாம் அதே பெயரில்.

இன்று அதை எட்டு மடங்கு பெரிதாக்கிப் பார்த்தால் அம்மாவின் முகம் குறுக்கே 40 கட்டம். ஐந்து பெட்டிகள். கன்னத்தின் நடுவே இரண்டு பெட்டிகள் சேரும் இடத்தில் ஒரு நேர்கோடு ஓடுகிறது. எந்த மனித முகத்திலும் இல்லாத கோடு அது. கண் என்பது மூன்று கருங்கட்டம். மூக்குத்தி இருந்த இடத்தில் சற்றே வெளிறிய ஒரு கட்டம், அதைச் சுற்றிக் கொசு மொய்த்தது போலச் சாம்பல் புள்ளிகள். நெற்றியில் பறந்த முடி இல்லை. எனக்கு அது நினைவிருக்கிறது, படத்தில் இல்லை.

ஏஐ எல்லாவற்றையும் செய்துவிடுகிறதே என்கிறீர்கள். போன தீபாவளிக்கு என் தங்கை மகன் அன்போடு அந்தப் படத்தை ஏஐயில் தெளிவாக்கி, சட்டம் போட்டுக் கொண்டுவந்தான். தோலின் துளைகூடத் தெரிகிறது. இமை முடி ஒவ்வொன்றும் தனித்தனியாக இருக்கிறது. மூக்குத்தி இல்லை, அந்த வெளிறிய கட்டத்தை அழுக்கு என்று நினைத்துத் துடைத்துவிட்டிருக்கிறது. அது என் அம்மா இல்லை. ஆயிரம் முகங்களைப் பார்த்த ஓர் இயந்திரம், இந்த இடத்தில் இப்படி ஒரு பெண் இருந்திருக்கலாம் என்று ஊகித்த முகம். பிள்ளை மனம் நோகக்கூடாது என்று கூடத்தில் மாட்டியிருக்கிறேன். அந்தப் பக்கம் பார்க்காமல்தான் போகிறேன். போன கட்டத்தை யாரும் மீட்டுத் தருவதில்லை. புதிதாக ஒன்றை இட்டு நிரப்புகிறார்கள். இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைக் கண்டுபிடிக்கும் கண் வேண்டும் என்பதற்காகவாவது கற்றுக்கொள்ளுங்கள்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இரண்டு மாதச் சம்பளத்தைக் கொண்டுபோய்க் கட்டாதீர்கள். நம் பக்கத்து அச்சகங்களிலும் ஃப்ளெக்ஸ் கடைகளிலும் கோரல்டிரா அதிகம் புழங்குவது உண்மைதான். அங்கே வேலைக்குப் போகும் நாளில் கற்றுக்கொண்டால் போதும். கொலுசுப் படத்துக்குப் பின்னணியை வெள்ளையாக்கவும் வெளிச்சத்தைச் சரிசெய்யவும் ஜிம்ப் தாராளம். கடையின் பெயரையும் முத்திரையையும் வரைய இங்க்ஸ்கேப். அதில் கட்டம் கிடையாது. கோடும் வளைவும் கணக்காகவே பதிவாகும். விசிட்டிங் கார்டிலிருந்து கடைப் பலகை வரை எவ்வளவு பெரிதாக்கினாலும் படிக்கட்டு வராது. எஸ்விஜி அதற்கான கோப்பு. முத்திரையை வேறொரு படத்தின் மேல் வைக்கப் பின்னணி இல்லாத பிஎன்ஜி. அச்சகத்துக்கு அனுப்பும்போது தமிழ் எழுத்துகளை வளைவுகளாக மாற்றி பிடிஎஃப் ஆக்கி அனுப்புங்கள்; உங்கள் எழுத்துரு அவர்களிடம் இல்லாவிட்டால் கொலுசு என்பது என்னவாக அச்சாகும் என்று சொல்ல முடியாது. வாட்ஸ்அப்பில் மூலப்படத்தை யாருக்காவது அனுப்ப நேர்ந்தால் டாக்குமென்ட் என்று தேர்ந்து அனுப்புங்கள். சாதாரணமாக அனுப்பினால் அது ஒருமுறை சுருக்கிவிடும்.

இலவசம் என்றால் தரம் குறைவா என்று இனிமேல் கேட்காதீர்கள். 1987இல் வந்த ஜிஃப் முறைக்குள் இருந்த சுருக்கும் உத்திக்கு யூனிசிஸ் நிறுவனம் காப்புரிமை கொண்டாடியபோது, அதற்கு மாற்றாக இணையத்தில் கூடிய சிலர் 1995இல் செய்யத் தொடங்கியதுதான் பிஎன்ஜி. அடுத்த ஆண்டே தரமாக வெளியானது. எத்தனை முறை திருத்திச் சேமித்தாலும் ஒரு கட்டமும் தேயாது. யாருக்கும் காசு கொடுக்க வேண்டாம். ஜிம்ப்பும் 1990களில் பெர்க்லியில் இரண்டு மாணவர்கள் தொடங்கி, எல்லோருக்கும் திறந்து வைத்தது. அதில் நீங்கள் செய்யும் வேலையை எக்ஸ்சிஎஃப் கோப்பாகச் சேமியுங்கள். படத்தின் அடுக்குகள் எல்லாம் அப்படியே இருக்கும். அதுதான் உங்கள் கிராப் தாள். ஜேபெக் அதிலிருந்து அடிக்கும் அட்டை, கிழிந்தால் இன்னொன்று அடித்துக்கொள்ளலாம்.

இனி பாட்டியிடம் வருவோம். செல்போனில் எடுத்தேன் என்றுதான் எழுதியிருக்கிறீர்கள். காகிதப் படம் எங்கே இருக்கிறது என்று எழுதவில்லை. இன்று இரவே போய்ப் பாருங்கள். யாராவது பழைய சட்டத்தை எடைக்குப் போட எடுத்து வைத்திருந்தால் வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். இருந்தால், தட்டையான ஸ்கேனர் உள்ள இடத்துக்கு நீங்களே கொண்டுபோய், பக்கத்தில் நின்று ஸ்கேன் செய்து, கையோடு வாங்கி வாருங்கள். அங்கே விட்டுவிட்டு வராதீர்கள். அங்குலத்துக்கு 600 புள்ளி என்று கேளுங்கள். ஐந்துக்கு மூன்றரை அங்குலப் படமென்றால் 3000க்கு 2100, அதாவது 63 லட்சம் கட்டம் வரும். என் அம்மாவுக்குக் கிடைத்தது 76,800. பெரும்பாலும் எதையும் கழிக்காமல் வைத்திருக்கும் டிஃப் கோப்பாகக் கேட்டு வாங்குங்கள். 19 எம்பி அளவுக்கு வரும். இவ்வளவு பெரிதா, ஜேபெக் போதுமே என்று கடைக்காரர் சொல்வார். டிஃப்தான் வேண்டும் என்று சொல்லுங்கள். பென் டிரைவில் ஒன்று, வேறொரு வீட்டில் ஒன்று என்று வைத்துவிட்டு, மூன்றாவது நகலில் பழகுங்கள்.

சட்டத்தைப் பிரிக்கும்போது படம் கண்ணாடியோடு ஒட்டியிருந்தால் உரிக்காதீர்கள். நம் ஊர்ப் பழைய படங்கள் மழைக்கால ஈரத்தில் அப்படித்தான் ஒட்டியிருக்கும். உரித்தால் முகம் கண்ணாடியோடு வந்துவிடும். கண்ணாடியின் வெளிப்பக்கத்தை மட்டும் துடைத்து, கண்ணாடியோடே வைத்து ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். கிடைத்ததா இல்லையா என்று ஒரு வரி எழுதுங்கள்.

அன்புடன்.