அண்ணனோடு ஒரே பந்தியில் உட்காரவா?

கேள்வி: அப்பா இறந்தபின் பனைவிளையை விற்கும்போது, "கடனை அடைத்துவிட்டு உன் பங்கைத் தருகிறேன்" என்று சொல்லி அண்ணன் என்னிடம் கையெழுத்து வாங்கினார். மூன்று வருடமாகியும் ஒரு ரூபாய் வரவில்லை. பேச்சும் நின்றுவிட்டது. பெந்தெகொஸ்தே ஞாயிறன்று எல்லோரும் அம்மா வீட்டில் கூடுகிறோம். "ஆவியானவர் இறங்கின நாள், மன்னித்துவிட்டு வா" என்கிறார் அம்மா. இந்தக் கசப்போடு நான் ஆலயத்தில் திருவிருந்து (நற்கருணை) எடுக்கலாமா?
- ஒரு வாசகி, நாசரேத்

பதில்: அன்புள்ள சகோதரி,

காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டு முதலில் சகோதரனோடு ஒப்புரவாகச் சொல்கிற மத்தேயு 5-ஆம் அதிகாரம்தான் உங்களைப் பயமுறுத்துகிறது என்று நினைக்கிறேன். அதை இன்னொரு தரம் நிதானமாகப் படியுங்கள். "உன்பேரில்" சகோதரனுக்குக் குறை இருந்தால் என்றுதான் அங்கே இருக்கிறது. அதாவது, எழுந்து போகவேண்டியவர் உங்கள் அண்ணன். உங்களுக்கான வசனம் மாற்கு 11:25. ஒருவன்பேரில் உங்களுக்குக் குறை இருந்தால், ஜெபிக்க நிற்கும்போதே மன்னியுங்கள் என்கிறது. நிற்கிற இடத்திலேயே முடிகிற காரியம் அது. அண்ணன் வந்து கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம். ஜெபித்துவிட்டுத் திருவிருந்துக்குப் போங்கள். கசப்பு ஒரே நாளில் போய்விடாது, அதற்காகப் பின்வாங்காதீர்கள்.

பெந்தெகொஸ்தே என்றதும் சீஷர்கள்மேல் இறங்கின அக்கினி நாவுகளையும், அன்று ஞானஸ்நானம் பெற்ற ஏறக்குறைய 3,000 பேரையும்தான் பேசுகிறோம். எனக்கு என்னவோ அதற்கு முந்தின பத்து நாள்தான் பெரிதாகத் தெரிகிறது. ஈஸ்டரிலிருந்து 40-ஆம் நாள் ஆண்டவர் பரமேறினார், 50-ஆம் நாள் ஆவியானவர் இறங்கினார். இடையில் சீஷர்கள் கூடியிருந்த அந்த மேல்வீட்டில் யார் யார் இருந்தார்கள்? மரியாளும் இயேசுவின் சகோதரர்களும் சேர்ந்து ஜெபித்தார்கள் என்கிறது அப்போஸ்தலர் 1:14. அவரை விசுவாசிக்காத அதே சகோதரர்கள்! சிலுவையில் தொங்கியபோது தம் தாயை ஒரு சீஷனிடம் ஒப்படைத்தாரே தவிர, இவர்களிடம் ஒப்படைக்கவில்லை. அப்படிப்பட்ட வீட்டார் ஒரே அறையில் பத்து நாள் உட்கார்ந்திருந்தார்கள். யார் யாரிடம் என்ன பேசினார்கள் என்று வேதம் சொல்லவில்லை.

அதனால் ஞாயிற்றுக்கிழமை வரை காத்திருக்காதீர்கள். முந்தின வாரமே அண்ணனுக்கு ஒரு போன் போடுங்கள். "அண்ணே, ஞாயிற்றுக்கிழமை நானும் வாறேன். பங்கு விஷயத்தை அன்னைக்குப் பேச வேண்டாம், அடுத்த வாரம் அம்மாவை வச்சுப் பேசுவோம்." இவ்வளவு போதும். பெரியப்பா, சித்தி எல்லோர் முன்னும் கையைப் பிடித்து, "சமாதானம் ஆயாச்சு, ஒரு ஜெபம் பண்ணுவோம்" என்று யாராவது ஆரம்பித்தால், மெல்ல எழுந்து அடுப்படிக்குப் போய்விடுங்கள்.

அப்புறம், மன்னித்தால் பங்கையும் விட்டுவிட வேண்டுமோ என்ற சந்தேகம் உங்களுக்கு வரும். வேண்டியதில்லை. அப்பா உயில் எழுதாமல் இறந்திருந்தால், 1925-ஆம் வருட இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி மூன்றில் ஒரு பங்கு அம்மாவுக்கு. மீதி, மகன் மகள் என்ற வித்தியாசமில்லாமல் பிள்ளைகளுக்குச் சமமாக. கடன் உண்மையிலேயே எவ்வளவு, விற்றது எவ்வளவுக்கு என்று அண்ணன் கணக்குச் சொல்லட்டும். பத்திர நகலை ஒரு வக்கீலிடம் காட்டிவிடுவதும் நல்லது. ஆனால் விருந்துக்குப் போகிற கைப்பையில் மட்டும் அதை வைத்துக்கொண்டு போகாதீர்கள்.