கட்டற்ற மென்பொருளுக்கு மாறச் சொன்னால் யாரும் கேட்பதில்லை. எப்படிப் புரியவைப்பது?

"இலவசம்" என்று ஆரம்பிக்காதீர்கள். நம் ஊரில் பல கடைக் கணினிகளில் ஓடுவது கள்ளப் பிரதிதான். காசு கொடுக்காதவரிடம் காசு மிச்சம் என்றால் எடுபடாது.

என் சித்தப்பா ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். மனு, பத்திரம் எல்லாம் தட்டச்சு செய்து தருவார். கட்டற்ற மென்பொருள் இயக்கத்தைத் தொடங்கிய ரிச்சர்ட் ஸ்டால்மன் சொன்ன நான்கு சுதந்திரங்களைப் பற்றி (மென்பொருளை விரும்பியபடி இயக்க, ஆராய்ந்து மாற்ற, பகிர, மாற்றியதையும் பகிர) ஒருநாள் அவரிடம் விரிவாகப் பேசினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சரிடா, என் பாமினி ஃபைல் திறக்குமா? டைப்ரைட்டர் கீபோர்டு இருக்கா?" என்றார். பாமினி என்பது யுனிகோடு வருவதற்கு முந்தைய முறையில் அமைந்த தமிழ் எழுத்துரு. எனக்குப் பதில் தெரியவில்லை. பேச்சு அங்கேயே நின்றது.

அப்புறம்தான் அவர் பக்கத்தில் உட்கார்ந்து வேலையைக் கவனித்தேன். வாடிக்கையாளர்கள் கொண்டுவரும் பென்டிரைவ்தான் அவருக்குப் பெரிய தலைவலி. செருகியதும் ஃபோல்டர்கள் எல்லாம் ஷார்ட்கட்டாக மாறிவிடும். அந்த வைரஸ் கடைக் கணினிக்கும் தொற்றிக்கொள்ளும். விண்டோஸுக்காக எழுதிய அந்த வைரஸ் லினக்ஸ் என்ற கட்டற்ற இயங்குதளத்தில் ஓடாது என்று காட்டியபோதுதான் அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

அவர் கேட்ட கேள்விகளுக்கும் விடை இருந்தது. பாமினி எழுத்துருவை நிறுவினால் பழைய கோப்புகளை லிப்ரெஆபிஸ் என்ற கட்டற்ற அலுவலக மென்பொருளில் படிக்கலாம். பக்க அமைப்பு சில நேரம் நகரும். அதை மறைக்காமல் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இன்றைய பொதுக் குறியீட்டு முறையான யுனிகோடில் அடிக்க, லினக்ஸில் தட்டச்சு முறைகளைத் தரும் ஐபஸுடன் (IBus) எம்17என் (m17n) தொகுப்பைச் சேர்த்தால் தமிழ்99 விசைப்பலகை மட்டுமல்ல, தட்டச்சுப்பொறி முறையும் கிடைக்கும்.

இயங்குதளத்தைக் கடைசியில் மாற்றுங்கள். பிரான்சின் ஜாந்தார்மெரி காவல்படை அப்படித்தான் செய்தது: 2005இல் ஓப்பன்ஆபிஸ் அலுவலக மென்பொருள், 2006இல் ஃபயர்ஃபாக்ஸ் உலாவியும் தண்டர்பேர்டு மின்னஞ்சல் மென்பொருளும், 2008 முதல் உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளம். ஆட்களுக்குக் கை பழகிய மென்பொருள்கள் அப்படியே இருக்க, அடியில் இருந்தது மட்டும் மாறியது. சித்தப்பாவும் ஒரு வருடம் விண்டோஸிலேயே லிப்ரெஆபிஸ் வைத்துப் பழகினார். 2025 அக்டோபரில் விண்டோஸ் 10இன் வழக்கமான ஆதரவு முடிந்தது. அவருடைய பழைய கணினி விண்டோஸ் 11க்குத் தகுதி பெறவில்லை. அப்போது லினக்ஸ் மின்ட் என்ற லினக்ஸ் வகையைப் போடச் சொல்லி அவரே கூப்பிட்டார்.

சுதந்திரம் பற்றிப் பேசவே கூடாதா? கட்டாயம் பேசுங்கள், எனக்கு அதுதான் உயிர். ஆனால் அவர் வேலை நிற்காமல் நடக்கிறது என்று அவருக்கே தெரிந்த பிறகு பேசுங்கள்.

ஒன்று மறக்காதீர்கள். நிறுவும் முன் லைவ் யுஎஸ்பியில் (நிறுவாமலே பென்டிரைவிலிருந்து இயங்கும் லினக்ஸ்) ஓட்டி, அவருடைய பிரிண்டரில் ஒரு பக்கம் அச்சடித்துப் பாருங்கள். அது சரியாக வராவிட்டால் அன்றைக்கு நிறுவ வேண்டாம்.