கேமரா கேள்வி பதில்: மனசு கெட்டுப்போன வாசகருக்கு

கேள்வி: சார், ரொம்ப வருஷமா ஒரு டிஎஸ்எல்ஆரும் அதோட வந்த கிட் லென்ஸும் வச்சு ஓட்டிட்டு இருக்கேன். போன வாரம் ஃப்ரெண்டோட மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் கேமரா ரெண்டு நாள் கையில இருந்துச்சு, அதுல இருந்து மனசு கெட்டுப்போச்சு. ஆனா சென்சார் சின்னது, அந்த சிஸ்டமே இன்னும் எத்தனை நாளைக்கோன்னு எல்லாரும் பயமுறுத்துறாங்க. மாறலாமா?

பதில்: மனசு கெட்டுப்போச்சுன்னு நீங்களே சொல்லிட்டீங்க, அப்புறம் என்னைக் கேக்குறது சும்மா ஒரு சாங்கியத்துக்குத்தான். நானும் அதே வியாதிக்காரன், அதனால என் பதிலைக் கொஞ்சம் கழிச்சே எடுத்துக்குங்க.

2008ல ஒலிம்பஸும் பானசோனிக்கும் சேர்ந்து இந்த மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் சிஸ்டத்தை அறிவிச்சாங்க. சென்சார் இதுக்கு முன்னால இருந்த ஃபோர் தேர்ட்ஸ்ங்கிற பழைய சிஸ்டத்துல இருந்த அதே 17.3க்கு 13 மில்லிமீட்டர்தான், ஆனா டிஎஸ்எல்ஆர் மாதிரி உள்ள இருந்து வெளிச்சத்தை வியூஃபைண்டருக்குத் திருப்பிவிட்ட கண்ணாடியைத் தூக்கிட்டாங்க, அதனால லென்ஸ் மாட்டுற வளையத்துக்கும் சென்சாருக்கும் நடுவுல இருந்த 38.67 மி.மீ. தூரம் 19.25 ஆயிடுச்சு, கிட்டத்தட்ட சரி பாதி. அந்த ஒரு வேலைதான் எல்லாத்துக்கும் காரணம், பாடி சின்னதாச்சு, லென்ஸ் சின்னதாச்சு, அதைவிட எனக்குப் புடிச்சது, மிச்சமான அந்த இடத்துல ஒரு அடாப்டர் குழாயைச் சொருகி யாரோட பழைய லென்ஸை வேணும்னாலும் மாட்டலாம். எம்42ங்கிற பழைய திருகு மரை போட்ட ஒரு 50 மி.மீ. மேனுவல் லென்ஸ் என்கிட்ட பெட்டியிலயே தூங்கிட்டு இருந்துச்சு. அதுக்கு 45.46 மி.மீ. தூரம் வேணும், நடுவுல 26 மி.மீ. குழாய் போட்டா கணக்கு முடிஞ்சுது. வியூஃபைண்டர்ல கண்ணிமையைப் பெருசாக்கிப் பாத்து கையால ஃபோகஸ் வளையத்தைத் திருப்பி எடுத்த முதல் போர்ட்ரெய்ட்டை இன்னும் அழிக்க மனசு வரல, இத்தனைக்கும் ஃபோகஸ் மூக்குலதான் இருக்கு.

முதல் கேமரா பானசோனிக் ஜி1 வந்தப்ப கூட வந்தது ரெண்டே ஜூம் லென்ஸ், 14-45, 45-200, அவ்வளவுதான். அடுத்த வருஷமே 20 மி.மீ. எஃப்1.7 பான்கேக் வந்துச்சு (இந்த எஃப் எண் சின்னதா இருந்தா லென்ஸ் வாய் பெருசு, வெளிச்சம் நிறைய வரும்), தட்டையா, கோட்டுப் பாக்கெட்ல போடுற மாதிரி. அப்புறம் சிக்மா, ஃபோக்ட்லேண்டர், லாவோவான்னு வெளி லென்ஸ் கம்பெனிகளும் வந்து சேந்தாங்க. ஒரு கம்பெனி தூங்கினாலும் இன்னொருத்தன் லென்ஸ் விடுவான், அதான் இந்த சிஸ்டத்தோட பலம்.

சென்சார் பயம் பொய்யில்ல. ஃபுல் ஃப்ரேமோட (பழைய 35 மி.மீ. ஃபிலிம் அளவு சென்சார்) பரப்புல கால்வாசிதான், அதனால இருட்டுல ரெண்டு ஸ்டாப் அளவுக்கு (ஒரு ஸ்டாப்னா வெளிச்சம் பாதியாகுறது) நாய்ஸ், அதாவது படத்துல புள்ளிப் புள்ளியா கறை, கூடும், பின்னணி மங்குறதும் அதே அளவு குறையும், எஃப்1.8 போட்டா பின்னணி ஃபுல் ஃப்ரேம்ல எஃப்3.6 போட்ட மாதிரிதான் தெரியும். கல்யாண மண்டபத்து இருட்டுலயே உங்க பொழப்புன்னா வேணாம். பறவை பாக்குறவரா இருந்தா கதையே வேற, 300 மி.மீ. லென்ஸ் ஃபுல் ஃப்ரேம்ல 600 மாதிரி கிட்ட இழுக்கும், ட்ரைபாட் இல்லாம நாள்பூரா தூக்கிட்டு அலையலாம்.

இந்த சிஸ்டம் செத்துப்போச்சுன்னு சொல்றவங்க 2018ல இருந்து சொல்றாங்க, அந்த வருஷம்தான் நிக்கானும் கேனானும் ஃபுல் ஃப்ரேம் மிரர்லெஸ்ஸுக்கு (கண்ணாடி இல்லாத கேமரா) வந்தாங்க, பானசோனிக்கே லைகா சிக்மாவோட எல் மவுண்ட்ங்கிற ஃபுல் ஃப்ரேம் லென்ஸ் சிஸ்டத்துல கை கோத்துச்சு, 2021ல ஒலிம்பஸ் கேமரா பிசினஸ் ஓஎம் டிஜிட்டல் சொல்யூஷன்ஸ்ங்கிற புதுக் கம்பெனிக்குப் போச்சு. அதுக்கப்புறமும் இதே சிஸ்டத்துல 2022ல ஓஎம்-1, 2023ல பானசோனிக் ஜி9 மார்க் 2 வந்துச்சே. பாடியை செகண்ட் ஹேண்ட்ல எடுங்க, மிச்சக் காசை ஒரு நல்ல ப்ரைம்ல (ஜூம் இல்லாத லென்ஸ்) போடுங்க.

கேள்வி: பழைய ஃபோர் தேர்ட்ஸ் லென்ஸ் ரெண்டு இருக்கு, புது பாடியில ஆட்டோஃபோகஸ் வேலை செய்யுமா?

பதில்: அதுக்குன்னே அடாப்டர் இருக்கு, செய்யும். ஆனா ஆரம்பகால பாடிகள்ல அந்த லென்ஸ்கள் தவழும், பொறுமை வேணும். 2013ல வந்த ஒலிம்பஸ் ஈ-எம்1ல சென்சார் மேலயே ஃபேஸ் டிடெக்ட்னு வேகமா ஃபோகஸ் பண்ற ஏற்பாட்டை வச்சாங்க, அதுல போட்டா நல்லாவே ஓடும்.

கேள்வி: ஒரு கம்பெனி பாடி, இன்னொரு கம்பெனி லென்ஸ், கலக்கலாமா?

பதில்: தாராளமா. மாட்டும், ஃபோகஸ் ஆகும், படம் வரும். கை நடுக்கத்தைச் சரிக்கட்டுற பாடியோட ஸ்டெபிலைசரும் லென்ஸோட ஸ்டெபிலைசரும் சேர்ந்து வேலை செய்யுற அந்த வித்தை மட்டும் ஒரே கம்பெனியா இருந்தாத்தான், அதுலயும் எல்லா லென்ஸுக்கும் கிடையாது.

கேள்வி: இவ்வளவு பேசுறீங்களே, உங்ககிட்ட எத்தனை லென்ஸ் சார்?

பதில்: ஏழு. வீட்ல நாலுன்னு சொல்லியிருக்கேன். இந்தப் பக்கத்தை எங்க வீட்ல யாரும் படிக்கிறதில்லைங்கிற தைரியத்துல எழுதுறேன், காட்டிக் கொடுத்துடாதீங்க.