கொழுக்கட்டைப் புல் ஏன் குறைகிறது?

காங்கயம் பக்கம் ஆறு ஏக்கர் கொரங்காட்டில் (வேலி போட்ட மானாவாரி மேய்ச்சல் நிலம்) மேய்ச்சலுக்கான கொழுக்கட்டைப் புல் போய் ஆவாரையும் பார்த்தீனியமும் ஏறுகிறது, மழை குறைவுதான் காரணமா என்று கேட்டிருந்தீர்கள். மழை மட்டும் இல்லைங்க. வருஷம் முழுக்க ஆடுகளை ஒரே காட்டில் விட்டிருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்களே, அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

ஒரு புல் தூரை (அடிக்கொத்தை) குனிந்து பாருங்கள். மாடு நாக்கால் சுருட்டி இழுக்கும், அடியில் கொஞ்சம் மிஞ்சும். செம்மறி ஆடு தரையோடு கடித்துவிடும். துளிர்க்கத் துளிர்க்கக் கடித்தால் வேரில் சேமிப்பு தீர்ந்து தூர் செத்துப்போகும். அந்த வெற்றிடத்தில் ஆடுமாடு தொடாத செடிதான் வரும்.

கிளுவை முள்செடியை நட்டு உயிர்வேலி போட்டுக் காட்டை மூன்றாகப் பிரியுங்கள். மழைக்குப் பின் புல் பூத்து விதை உதிரும்வரை ஒரு பகுதியை அடைத்து வையுங்கள். அப்புறம் மாட்டை முன்னால் விட்டு, ஆட்டைப் பின்னால் விடுங்கள். பார்த்தீனியத்தைப் பூக்கும் முன்பே பிடுங்கிவிடுங்கள். புல் விதைப்பதென்றால் புது விதை வேண்டாம், உறக்கத்தில் இருக்கும், சரியாக முளைக்காது. போன வருஷத்து விதையைத் தூவுங்கள். வெள்வேல மரங்களை மட்டும் வெட்டிவிடாதீர்கள், கோடையில் அந்தக் காய்தான் தீவனம்.