இடைக்கால இங்கிலாந்தில் பிரபு குலத் தாய்மார்கள் மகன்களைத் தாங்களே வளர்த்தார்களா?

பல சமயம் அந்த வாய்ப்பே கிடைக்கவில்லை. அரசரிடம் நேரடியாக நிலம் பெற்றவர் இறந்து, வாரிசு சிறுவனாக இருந்தால் அவனுடைய காப்பாளர் உரிமை அரசருக்குப் போய்விடும். அதை அவர் விற்கவும் செய்யலாம். பெற்ற தாய் என்பதற்காக முன்னுரிமை கிடையாது.

பின்னாளில் ஏழாம் ஹென்றி என்ற பெயரில் அரசரான ஹென்றி டியூடரின் தாய் மார்கரெட் போஃபோர்ட்டையே பாருங்கள். 1457 ஜனவரியில் பெம்புரோக் கோட்டையில் ஹென்றி டியூடரைப் பெற்றபோது அவருக்கு வயது 13. அதற்குள் விதவை! அதன்பின் அவருக்குப் பிள்ளையே பிறக்கவில்லை. 1462-இல் அந்த ஒரே மகனின் காப்பாளர் உரிமையை வில்லியம் ஹெர்பர்ட் என்ற பிரபு 1,000 பவுண்டுக்கு வாங்கிக்கொண்டார். தாய் எப்போதாவது போய்ப் பார்த்துவிட்டு வரலாம், அவ்வளவுதான். 1471-இல் அரியணைப் போரில் தன் தரப்பு தோற்றதும் மகன் இன்றைய பிரான்சின் வடமேற்கிலுள்ள பிரிட்டனிக்குத் தப்பியோட, இன்னும் 14 ஆண்டுப் பிரிவு.

இதைப் பாசமின்மை என்று எடுத்துக்கொண்டால் தப்பு. 1483-இல், மறைந்த அரசர் நான்காம் எட்வர்டின் மனைவி எலிசபெத் வுட்வில்லிடம் ரகசியமாகத் தூதுவிட்டு, அவர் மகளை ஹென்றிக்குப் பேசி முடித்தவர் மார்கரெட்தான். அப்போதைய அரசர் மூன்றாம் ரிச்சர்டுக்கு எதிராக அவர்கள் சேர்ந்த கலகம் தோற்றது, மார்கரெட்டின் சொத்தெல்லாம் கணவர் ஸ்டான்லி கைக்குப் போனது. 1485-இல் பாஸ்வொர்த் போரில் ரிச்சர்டை வென்று மகன் அரசனானார். மகனுக்கு எழுதிய கடிதமொன்றில் மார்கரெட் ‘இவ்வுலகில் என் மகிழ்ச்சியெல்லாம் நீயே’ என்ற பொருள்பட உருகுகிறார். 1509 ஏப்ரலில் மகன் இறந்தார், ஜூனில் தாயும்.